எரிபொருள் முள்ளை யார் பார்ப்பது?

1978 டிசம்பர் 28. டென்வரிலிருந்து போர்ட்லாண்டுக்கு வந்துகொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம், ஊரை நெருங்கியதும் சக்கரங்களை இறக்கியது. வழக்கத்தில் இல்லாத ஒரு சத்தம், ஒரு குலுக்கல். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று காட்டவேண்டிய விளக்கு எரியவில்லை. கேப்டன் அனுபவசாலி, பதறவில்லை. வானத்தில் வட்டமடித்தபடி கோளாறு என்னவென்று ஆராய்ந்தார். அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தால் பயணிகள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தரப் பணியாளர்களுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தார். எல்லாம் முறையாக, சாவதானமாக நடந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே போனது. எரிபொருள் குறைகிறதே என்று கூட இருந்த பொறியாளர் சொல்லத்தான் செய்தார், ஆனால் பட்டும் படாமலும். கடைசியில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, விமானம் நகரின் ஓரத்தில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். சக்கரங்கள் இறங்கித்தான் இருந்தன.

தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நாம் சொல்லும் முதல் அறிவுரை “டென்ஷன் ஆகாதீங்க” என்பது. அந்த கேப்டன் டென்ஷன் ஆகவே இல்லை. குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு விளக்கின் மேல் விழுந்த கவனத்தைத்தான் அவரால் எடுக்க முடியவில்லை. நம் அலுவலகங்களிலும் பெரும்பாலான சிக்கல்கள் பெரிதாவது இப்படித்தான். கத்துகிற மேனேஜரால் வரும் கேடு எல்லோர் கண்ணிலும் படும். அமைதியாக ஒரே இடத்தில் மூழ்கிப்போகிற மேனேஜரால் வருவது கணக்கிலேயே வராது. அவருக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்துவிடும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 8,000 பீஸ் டீ-ஷர்ட், ஜெர்மனி ஆர்டர். பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியாகிவிட்டது. நாளை மறுநாள் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பவேண்டும். பையரின் தர ஆய்வாளர் (க்யூசி) வந்து, எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 கணக்கில் 200 பீஸை எடுத்துப் பார்க்கிறார். மேஜர் டிஃபெக்ட் 10 வரை வந்தால் பாஸ்; 11 என்றால் ஃபெயில். 14 வருகிறது. கழுத்து ரிப் தையலில் கோளாறு.

மேனேஜர் நல்ல மனிதர். யாரையும் ஏசாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு செக்கிங் டேபிளில் போய் உட்காருகிறார். பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்க்கிறார். பத்து பேர் கூட உட்காருகிறார்கள். ஆறு மணி, ஏழு மணி. செக்கிங் சூப்பர்வைசர் அம்மா பக்கத்தில் வந்து நின்று, “ஏனுங்ணா, அந்த ரெண்டாம் லைன் பீஸ மட்டும் கொஞ்சம் தனியாப் பார்த்தாத் தேவலைங்க” என்கிறார். “இரும்மா, வர்றேன்” என்கிறார் இவர், தலையைத் தூக்காமல். அந்த அம்மா போய்விடுகிறார்.

கோளாறு முழுக்க இரண்டாம் லைனில் வந்தது; அங்கே ஒரு மெஷினில் நூல் டென்ஷன் சரியில்லை; அந்த லைன் தைத்தது மொத்தமே 2,000 பீஸ்தான். எட்டாயிரத்தையும் புரட்டவேண்டிய தேவையே இல்லை. இது அந்த அம்மாவுக்குத் தெரியும். மேனேஜர் டேபிளை விட்டு எழுந்தபோது மணி பத்து. ஜெர்மனியில் ஆபீஸ் முடிந்து போய்விட்டார்கள். மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாளைக்கே தேதி கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. கப்பலில் சரக்கைச் சேர்க்கும் கெடுவான கட்-ஆஃபை ஒரு நாள் தள்ள வழியுண்டா என்று சரக்கு அனுப்பும் ஃபார்வர்டரிடம் விசாரித்திருக்கவேண்டும், விசாரிக்கவில்லை. கப்பலை விட்டால் சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு கம்பெனி தலையில். ஆர்டரில் வந்த லாபம் அதோடு சரி.

மறுநாள் முதலாளி அவரைக் குறை சொல்லமாட்டார். “ராத்திரி பத்து மணி வரைக்கும் நம்ம மேனேஜர் தானே உட்கார்ந்து பார்த்தாருங்க” என்பார். பாராட்டு கிடைக்கிற இடத்தில் தவறு வசதியாக வேர்விடும்.

இரண்டு கேள்விகள்

சிக்கல் வந்தவுடன் எல்லோரும் கேட்பது “என்ன கெட்டுப்போச்சு?” என்பது. அது அவசியமான கேள்விதான். நீங்கள் கேட்காவிட்டாலும் பத்து பேர் கேட்பார்கள். தலைவர் கேட்கவேண்டியது இன்னொன்று: “இப்போ எது தீர்ந்துகிட்டே இருக்கு?” போர்ட்லாண்டில் அது எரிபொருள். திருப்பூரில் ஜெர்மன்காரரின் ஆபீஸ் நேரம், கப்பல் கட்-ஆஃப், இரவு ஷிஃப்ட் ஆட்கள் எத்தனை மணி வரை இருப்பார்கள் என்பது. மென்பொருள் நிறுவனத்தில் சர்வர் விழுந்தால், வாடிக்கையாளருக்கு எத்தனை நிமிடத்துக்குள் தகவல் சொல்வதாக ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அது. மருத்துவமனையில் என்றால் ரத்தம், படுக்கை, டியூட்டி மாறும் நேரம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கெட்டுப்போனவை, வலப்பக்கம் தீர்ந்துகொண்டிருப்பவை. வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை மணிக்குத் தீரும் என்பதையும் ஒரு ஆளின் பெயரையும் எழுதுங்கள். பெயர் கிடைக்காத வரியில்தான் நாளைக்கு அடி விழும். இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. கம்ப்யூட்டரில் வேண்டாம், எக்செல் ஷீட்டைத் திறந்தால் கலம் கலமாக நிறம் தீட்டவே நேரம் போய்விடும்.

வலப்பக்கம் நிரம்பியதும் உங்களுக்கே ஒன்று புலப்படும். பதறியடித்துச் செய்யவிருந்த பாதி வேலைக்கு இப்போது அவசரம் இல்லை. அடுத்த பத்து நிமிடம் தொடாமல் விட்டால் எது மோசமாகும் என்று பார்த்துவிட்டால், மற்றதற்கெல்லாம் யோசிக்க நேரம் இருக்கிறது.

கையை எடுத்துவிடுங்கள்

1970இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பல இடங்களில் ஒரே சமயத்தில் பற்றியது. தீயணைப்புப் படைகள் பல. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் ஏகக் குழப்பம். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பேரிடர்களில் பயன்படும் சம்பவக் கட்டளை முறை. அதில் இரண்டு விதிகள் நம் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும். கட்டளை அதிகாரி தண்ணீர்க் குழாயைப் பிடிக்கமாட்டார். ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்றிலிருந்து ஏழு பேர் வரைதான். ஐந்து பேர் என்றால் நல்லது. மென்பொருள் நிறுவனங்களில் ‘இன்சிடென்ட் கமாண்டர்’ என்று ஒருவரை வைத்துக்கொள்வது இங்கிருந்து வந்த வழக்கம்.

வழக்கம் வந்தது, அதன் பொருள் வரவில்லை என்பது என் கணிப்பு. இரவு ஒரு மணிக்கு, சர்வர் விழுந்ததும் எல்லோரும் கூடும் ஒரு ப்ரிட்ஜ் காலில் சேர்ந்து பாருங்கள். நாற்பது பேர் இருப்பார்கள். கமாண்டராக இருக்கவேண்டியவர் பழைய டெவலப்பர். லாக் ஃபைலைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. “ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க, நானே பார்க்கிறேன்” என்று இறங்கிவிடுவார். அந்த நொடியிலிருந்து அந்த அழைப்புக்குத் தலைவர் இல்லை. வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது, காலை ஷிஃப்டை எப்போது எழுப்புவது, நேற்று போட்ட மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று யாரும் யோசிக்கமாட்டார்கள்.

தொழில் தெரிந்தவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தண்டனை மாதிரி இருக்கும். சிக்கலில் இறங்கி வேலை செய்யும்போது மனசு லேசாகிறது, பயம் குறைகிறது, பிறர் கண்ணில் உழைப்பாளியாகவும் தெரிகிறோம். எழுந்து நின்றால் இது எதுவும் கிடைக்காது. அந்த வேலையைச் செய்ய உங்களைத் தவிர வேறு ஆளே இல்லையென்றால் தாராளமாக இறங்குங்கள். ஆனால் இறங்கும்முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அடுத்த அரை மணி நேரம் நான் மெஷின்ல இருப்பேன். அதுவரைக்கும் முடிவெடுக்கிறது கவிதா. சந்தேகம்னா அவங்ககிட்ட கேளுங்க.” சின்ன கம்பெனியில் ஒரே ஆள் எல்லா வேலையும் பார்க்கவேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அங்கேயும் போனை ஒருவரிடம் கொடுத்து, “அரை மணிக்கு ஒரு தடவை பையருக்கு மெசேஜ் போடு. புதுசா எதுவும் இல்லைன்னாலும் ‘பார்த்துக்கிட்டிருக்கோம், அடுத்த தகவல் எட்டு மணிக்கு’ன்னு போடு” என்று சொல்ல முடியும். நேரம் சொல்லி வரும் தகவல் இருந்தால் மேலிடம் பாதித் தொல்லையை விட்டுவிடும்.

மெல்லிய குரல்கள்

173ஆம் விமான விபத்தை விசாரித்தவர்கள் கேப்டனோடு நிறுத்தவில்லை. கீழே இருப்பவர்கள் அழுத்திச் சொல்லவும், மேலே இருப்பவர் காது கொடுக்கவும் பயிற்சி வேண்டும் என்றார்கள். 1979இல் நாசா இதற்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று எல்லா நாட்டு விமானிகளும் அதைப் படித்துத்தான் வருகிறார்கள்.

நம் ஊரில் இந்த நோய் இன்னும் ஆழமானது. வயதுக்கு மரியாதை, பதவிக்கு மரியாதை, சம்பளம் கொடுக்கிறவருக்கு மரியாதை. அதனால் கெட்ட செய்தி வரும்போதே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரும். “லைட்டா ஒரு இஷ்யூ சார்.” “ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு சார்.” “பார்த்துக்கலாங்ணா.” இதில் எதிலும் பொய் இல்லை, தகவலும் இல்லை. சொல்கிறவரைக் கோபித்துப் பயனில்லை. எண்ணாக மாற்றிக் கேளுங்கள்: “எத்தனை பீஸ்? எந்த லைன்? எத்தனை மணிக்கு முடியும், அதுக்குள்ள முடியலைன்னா எப்போ தெரியும்?” இன்னொரு கேள்வியும் கைவசம் இருக்கட்டும்: “இதுல உங்களுக்கே மனசுக்குச் சரின்னு படாத இடம் எது?” செக்கிங் அம்மாவிடம் இதைக் கேட்டிருந்தால் இரண்டாம் லைன் ஆறரை மணிக்கே வெளியே வந்திருக்கும்.

கெட்ட செய்தி கொண்டு வருகிறவரிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை ஆபீஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொள்ளும். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்று ஆரம்பித்தால் அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் சொல்வார்கள். “யார் பண்ணது?” என்றாலும் அதே கதி. அந்த விசாரணையை எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். இப்போதைக்கு “நல்லவேளை சொன்னீங்க, உட்காருங்க” போதும்.

கத்தினால் வேலை நடக்கிறதே?

கத்தினால் வேலை நடக்கும் என்று நம்பாத மேனேஜர் குறைவு. “நல்லபடியாச் சொல்லிப் பார்த்துட்டேன் சார், அடுத்த வாரமே சொதப்பினான். ஒரு காட்டு காட்டினேன், இப்போ ஒழுங்கா வர்றான்.” அவர் சொல்வது கண்ணால் கண்ட உண்மை. அதனால்தான் அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் இதே வாதத்தை இஸ்ரேல் விமானப்படையில் சந்தித்தார். பாராட்டினால் பயிற்சி நன்றாக நடக்கும் என்று பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது மூத்தவர் ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான். மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்றார். கானமன் அங்கேயே தரையில் ஒரு குறியை வரைந்து, முதுகைக் காட்டியபடி நாணயத்தை இரண்டு முறை எறியச் சொன்னார். முதல் முறை குறிக்கு அருகில் போட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டவர்கள் பலர் அருகில் போட்டார்கள். யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் சுமாராக இருப்பது இயல்பு. மிக நல்ல நாளுக்கு அடுத்த நாள் சற்று இறங்குவதும் இயல்பு. நாம் திட்டுவது மோசமான நாளில்தான் என்பதால், மறுநாள் தானாக வரும் முன்னேற்றம் நம் திட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இருபது வருடம் கத்திய ஒருவருக்கு இருபது வருடச் சான்று சேர்ந்திருக்கும்.

முகமூடிக்கும் விலை உண்டு

கத்தக்கூடாது என்றால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று பொருளில்லை. ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மனதைச் சங்கடப்படுத்தும் காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்களுக்குப் பிறகு விவரங்கள் குறைவாகவே நினைவில் நின்றன. முகத்தைக் காவல் காக்கவே மூளையில் ஒரு பகுதி போய்விடுகிறது. பார்ப்பதை வேறு கோணத்தில், ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. 2003இல் வந்த இன்னொரு ஆய்வு, உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்றது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைப்பது டீமுக்குத் தெரியாது என்று நினைத்தால் அது உங்கள் ஆசை.

ஆகவே சொல்லிவிடுங்கள். “எனக்கும் இப்போ படபடப்பாத்தான் இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க, வந்து யார் யார் என்ன பண்ணணும்னு சொல்றேன்.” இதனால் மரியாதை குறைந்த மேனேஜரை நான் பார்த்ததில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். மூச்சுப் பயிற்சியில் நம்பிக்கை இருந்தால் எளியது ஒன்று உண்டு: மூக்கால் ஒரு மூச்சு, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு, பிறகு வாயால் நீளமாக விடுவது. தினமும் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டதாக 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொல்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எதையும் எழுதாதீர்கள். கோபத்தில் போட்ட வாய்ஸ் மெசேஜ் ராத்திரிக்குள் நீங்கள் பார்த்தேயிராத நாலு குரூப்பைச் சுற்றிவிடும்.

வெளியே நிற்கிற ஆள்

1979 ஆகஸ்ட் 10இல் ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3இன் முதல் ஏவுதல் தோற்று, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்ததும், திட்டத் தலைவரான அப்துல் கலாமைப் பின்னால் நிறுத்திவிட்டு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்களை எதிர்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1980 ஜூலை 18இல் வெற்றி பெற்றபோது கலாமையே முன்னால் அனுப்பினார். இதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பெருந்தன்மைதான். கூடவே அது நல்ல வேலைப் பங்கீடும். தோற்ற அன்றைக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தவன் போதும். என்ன கோளாறு என்று தேடக் கலாமின் குழுதான் வேண்டும். அவர்களை மைக்கின் முன்னால் நிறுத்தியிருந்தால் இரண்டு வேலையும் கெட்டிருக்கும். உங்கள் டீமில் கோளாறைத் தேடிக்கொண்டிருக்கும் பையனை, “கிளையண்ட் லைன்ல இருக்காரு, நீயே விளக்கிடு” என்று இழுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு தாண்டினால்

ஒரு மணி நேரச் சிக்கலுக்கு இதுவரை சொன்னது போதும். இரண்டு நாள் நீடித்தால் தலைவர்தான் முதல் ஆபத்து. தூக்கம் கெட்டவருக்குத் தன் தீர்ப்பு கெட்டிருப்பது தெரியாது. அதனால் போய்ப் படுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். முன்கூட்டியே விதியாக வைத்துக்கொள்வதுதான் வழி.

1970 ஏப்ரல் 13 இரவு அப்பல்லோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது ஹூஸ்டனில் பொறுப்பில் இருந்தவர் ஜீன் கிரான்ஸ். அவர் ஷிஃப்ட் முடியும் நேரம் அது. மூன்று உயிர்கள் நடுவானில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஒரு மணி நேரம்போல நிலைமையைப் பிடித்து நிறுத்திய பின், நாற்காலியை அடுத்த ஷிஃப்ட் தலைவர் கிளின் லன்னியிடம் ஒப்படைத்தார். கிரான்ஸின் குழு வரிசையிலிருந்து விலகி, பூமிக்குத் திரும்பும் கடைசிக் கட்டத்துக்கு மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதைத் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டது. நான்கு குழுக்கள் மாறி மாறிப் பார்த்தன. 17ஆம் தேதி மூவரும் பசிபிக்கில் வந்து இறங்கினார்கள்.

உங்களுக்கு நான்கு குழு இருக்காது. ஒரு துணை மேனேஜர் இருப்பார். அவர் போதும். மாற்றிவிடும்போது வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கோடு போட்ட தாளைக் கையில் கொடுங்கள். எதை முயன்று பார்த்துக் கைவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் விடிய விடிய அதையே மறுபடி செய்துகொண்டிருப்பார். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். எந்த விஷயத்தில் அவரே முடிவெடுக்கலாம், எதற்கு உங்களை எழுப்பவேண்டும் என்பதைக் கடைசி வரியாகப் போடுங்கள். எழுப்புவதற்கான காரணம் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். ஐந்தாறு எழுதியிருந்தீர்கள் என்றால் பொறுப்பு இன்னும் கை மாறவில்லை. உட்கார்ந்து அடித்துத் திருத்திவிட்டுக் கிளம்புங்கள்.